எந்தக் கோட்டின் சாய்வு அதிகம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொட்டை மாடிக்குத் தளம் போடும் கொத்தனாரிடம் மழைநீர் தேங்காமல் ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாட்டத்தைக் கணக்காகவே சொல்வார். "இந்தப் பக்கம் பத்தடிக்கு ஒரு அங்குலம். அந்தப் பக்கம் பதினைந்து அடிக்கு இரண்டு அங்குலம்."

எந்தப் பக்கம் வாட்டம் அதிகம்? ஒன்றைவிட இரண்டு பெரியது, ஆகவே இரண்டாவது பக்கம் என்று சொன்னால் விடை சரியாகத்தான் இருக்கும். காரணம் மட்டும் தவறு. அந்தப் பக்கம் முப்பது அடிக்கு இரண்டு அங்குலமாக இருந்திருந்தால் விடையும் தவறிப்போயிருக்கும். சரியான வழி, இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவது. முப்பது அடிக்கு முதல் பக்கம் மூன்று அங்குலம் இறங்கும், இரண்டாவது பக்கம் நான்கு அங்குலம் இறங்கும். இப்போது ஐயமில்லாமல் சொல்லலாம்.

வரைபடத்தில் இரண்டு நேர்கோடுகளின் சாய்வை ஒப்பிடுவதும் இதே வேலைதான். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். சூத்திரம் தெரியாமல் தடுமாறுகிறவர்களைவிட, கண்ணை நம்பி ஏமாறுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கோட்டைப் பார்த்தவுடன் "இதுதான் செங்குத்து" என்று விரல் நீட்டிவிடுகிறார்கள். வரைபடத்தாளில் கண் சொல்வதும் எண் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஏன் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

சொல்லில் இருக்கும் சிக்கல்

தொடங்கும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். "அந்தத் தென்னை மிகவும் சாய்ந்துவிட்டது" என்று சொன்னால் மரம் தரையை நெருங்கிவிட்டது என்று பொருள். நிமிர்ந்த நிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்று அங்கே அளக்கிறோம். கணிதத்தில் சாய்வு என்பது இதற்கு நேர்மாறானது. தரையிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்பதே அளவு. தரையோடு படுத்திருக்கும் கோட்டின் சாய்வு பூச்சியம். அது நிமிர நிமிரச் சாய்வு கூடிக்கொண்டே போகும். இந்த முரண்பாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் முதல் வாரத்தில் தலைகீழாக விடை எழுதுவதைக் கண்டிருக்கிறேன். தென்னையை மறந்துவிட்டு, மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைப் பாடநூல்களில் இதையே படித்திறன் என்கிறார்கள். ஏறும் படியை நினைவூட்டுவதால் எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு சாய்வு என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.

முதல் வேலை: அளவுத்திட்டம்

வரைபடத்தாள் கைக்கு வந்ததும் கோட்டைப் பார்க்காதீர்கள். தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். கிடை அச்சில் ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகைக் குறிக்கிறது? நிலை அச்சில் எத்தனை? இரண்டும் ஒன்றா, வேறா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் இரண்டு அச்சுகளுக்கும் 1 செ.மீ. = 1 அலகு என்று எடுத்துக்கொண்டு, சாய்வு 2 உள்ள ஒரு கோட்டை வரையுங்கள். அது ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் போவதற்குள் இரண்டு சென்டிமீட்டர் ஏறும். இன்னொரு தாளில் கிடை அச்சுக்கு 1 செ.மீ. = 1 அலகு, நிலை அச்சுக்கு 1 செ.மீ. = 10 அலகு என்று எடுத்துக்கொண்டு, சாய்வு 5 உள்ள கோட்டை வரையுங்கள். அது ஒரு சென்டிமீட்டர் போனால் அரை சென்டிமீட்டர்தான் ஏறும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் கோடு மலைபோல் நிற்கும், இரண்டாவது சோம்பலாகப் படுத்திருக்கும். எண்ணைப் பார்த்தால் 5 அல்லவா பெரியது!

ஒரே தாளில், ஒரே அச்சுகளின் மேல் வரைந்த கோடுகளுக்கு இந்த ஆபத்து இல்லை. நிலை அச்சை எவ்வளவு இழுத்தாலும் சுருக்கினாலும் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே மாறும், வரிசை குலையாது. எனவே தாள் ஒன்றாக இருந்தால் கண்ணால் ஓர் ஊகம் செய்யலாம். தாள் வேறானால் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல்

சாய்வைக் கணக்கிட ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு புள்ளிகள் போதும். எந்த இரண்டு என்பதில்தான் கவனம் வேண்டும். கட்டங்களின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் உங்கள் நேர்கோடு சரியாகக் கடந்து போகிறதா என்று தேடுங்கள். அத்தகைய புள்ளிகளில்தான் ஆயத்தொலைவுகளை, அதாவது புள்ளியின் கிடை எண்ணையும் நிலை எண்ணையும், ஐயமின்றிப் படிக்க முடியும்.

கிடைத்தவற்றுள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் இரண்டை எடுங்கள். ஏற்றம் தாளில் ஒரு சென்டிமீட்டர்தான் என்றால், ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலும் பத்தில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். ஏற்றம் பத்து சென்டிமீட்டராக இருந்தால் அதே ஒரு மில்லிமீட்டர் நூற்றில் ஒரு பங்குதான். அருகருகே இரண்டு புள்ளிகளைத் தொட்டுவிட்டு "வேலை முடிந்தது" என்று நிமிர்வது கெட்ட பழக்கம்.

இனி இடமிருந்து வலமாகப் போங்கள். எழுதுவதும் அப்படித்தான், கோட்டைப் படிப்பதும் அப்படித்தான். இடப்பக்கப் புள்ளியிலிருந்து வலப்பக்கப் புள்ளிக்குப் போகும்போது கிடைத் திசையில் எவ்வளவு நகர்ந்தீர்கள், நிலைத் திசையில் எவ்வளவு ஏறினீர்கள் என்று பாருங்கள். ஏற்றத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் சாய்வு. இறங்கியிருந்தால் ஏற்றம் குறை எண்ணாகும், அவ்வளவுதான்.

மூன்று கோடுகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் கோடு (1, 2), (5, 10) ஆகிய புள்ளிகள் வழியே போகிறது. ஏற்றம் 10 − 2 = 8, கிடைத் தூரம் 5 − 1 = 4, சாய்வு 2.

இரண்டாம் கோடு (−2, 1), (4, 4) வழியே போகிறது. ஏற்றம் 4 − 1 = 3. கிடைத் தூரம் 4 − (−2) = 6. சாய்வு 1/2.

மூன்றாம் கோடு (0, 9), (3, 0) வழியே போகிறது. ஏற்றம் 0 − 9 = −9, கிடைத் தூரம் 3, சாய்வு −3.

இரண்டாம் கோட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் திருத்திய தாள்களில் மிக அதிகமாகக் கண்ட பிழை இந்த இடத்தில்தான். 4 − (−2) என்பதை 4 − 2 என்று எழுதிவிடுவார்கள். கிடைத் தூரம் 2 ஆகிவிடும், சாய்வு 3/2 என்று மூன்று மடங்காகிவிடும். ஒருமுறை ஒரு மாணவி இதே விடையோடு வந்து, சூத்திரத்தில் சரியாகத்தான் போட்டேன் என்று உறுதியாகச் சொன்னாள். நான் சூத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. பென்சில் முனையை −2இல் வைத்து, 4 வரும்வரை கட்டங்களை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பூச்சியத்தைத் தாண்டும்போதே அவள் நிறுத்திவிட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்குப் பிறகு குறை எண் வரும் இடங்களில் அவள் முதலில் கட்டத்தை எண்ணிவிட்டுத்தான் கழித்தாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கழித்து வந்த எண்ணும் எண்ணி வந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று, பின்னத்தின் மேலே (ஏற்றத்தில்) எந்தப் புள்ளியை முதலில் வைத்தீர்களோ கீழேயும் (கிடைத் தூரத்தில்) அதையே முதலில் வைக்க வேண்டும். மேலே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழித்துவிட்டு, கீழே மாற்றிக் கழித்தால் ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும்.

"பெரியது" வேறு, "செங்குத்தானது" வேறு

இப்போது கையில் மூன்று எண்கள் இருக்கின்றன: 2, 1/2, −3. இவற்றை ஒப்பிடச் சொன்னால் முதலில் கேள்வியைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

எந்தக் கோட்டின் சாய்வு பெரியது என்று கேட்டால், எண்கோட்டில் எது வலப்பக்கம் இருக்கிறதோ அதுதான் விடை. −3, 1/2, 2 என்று ஏறுவரிசை அமையும். முதல் கோடுதான் பெரிய சாய்வு கொண்டது, மூன்றாம் கோடு மிகச் சிறிய சாய்வு கொண்டது.

எந்தக் கோடு அதிகச் செங்குத்தானது என்று கேட்டால், குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். 1/2, 2, 3 என்று வரிசை அமையும். இப்போது மூன்றாம் கோடுதான் முதலிடம்! மலையில் ஏறினாலும் இறங்கினாலும் பாதையின் கடுமை ஒன்றுதான். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முழங்கால் நோகிறது. குறி திசையைச் சொல்கிறது, எண் கடுமையைச் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதியவைக்க எத்தனை நேரம் செலவழித்தாலும் தகும். −5ஐவிட 2 பெரியது என்பதும் உண்மை. சாய்வு −5 உள்ள கோடு சாய்வு 2 உள்ள கோட்டைவிடச் செங்குத்தானது என்பதும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

கிடையாகப் படுத்திருக்கும் கோட்டுக்கு ஏற்றமே இல்லை, சாய்வு 0. நேர்குத்தாக நிற்கும் கோட்டுக்குக் கிடைத் தூரம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால் அதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை. செங்குத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் சாய்வுகளின் எண் வரிசையில் அதற்கு இடம் கிடையாது. "சாய்வு இல்லை" என்று எழுதினால் பூச்சியமா, வரையறுக்கப்படாததா என்று தெரியாது. முழுமையாக எழுதுங்கள்.

நெருங்கிய எண்கள் வந்தால்

ஒரு கோட்டின் சாய்வு 3/4, இன்னொன்றின் சாய்வு 5/7. தாளில் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். கிடை அச்சோடு முதல் கோடு ஏறத்தாழ 36.9 பாகையும் இரண்டாவது ஏறத்தாழ 35.5 பாகையும் அமைக்கின்றன. ஒன்றரைப் பாகைக்கும் குறைவான வேறுபாட்டைக் கண் பிடிக்காது.

கொத்தனாரின் வழிக்குத் திரும்புங்கள். இரண்டுக்கும் பொதுவான கிடைத் தூரம் 28. முதல் கோடு 28 போனால் 21 ஏறும். இரண்டாவது 28 போனால் 20 ஏறும். முதல் கோடுதான். பதின்மத்தில் எழுதினாலும் 0.75, 0.714 என்று அதே விடை வரும். பொதுத் தூரத்துக்குக் கொண்டுவரும் முறைதான் எனக்கு நிறைவு தரும். எது ஏன் பெரியது என்பது அதில் கண்முன் நிற்கிறது.

பாகையை இழுத்ததால் ஓர் எச்சரிக்கை. சாய்வு 1 என்றால் கோணம் 45 பாகை. சாய்வு 2 என்றால் 90 பாகை ஆகிவிடாது, ஏறத்தாழ 63.4 பாகைதான். சாய்வு இரட்டித்தால் கோணமும் இரட்டிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மலை ரயிலில் ஒரு கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் நீலகிரி மலை ரயில் சாய்வைக் கற்றுக்கொள்ள அருமையான பாடம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில், 1,710 மீட்டர் உயரத்தில் குன்னூர். மேலும் 18 கி.மீ. போனால் 2,200 மீட்டரில் உதகை. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் பாதை திறக்கப்பட்டது.

கிடை அச்சில் தூரத்தையும் நிலை அச்சில் உயரத்தையும் வைத்து (0, 330), (28, 1710), (46, 2200) என்று மூன்று புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். இரண்டு கோட்டுத்துண்டுகள் கிடைக்கும். முதலாவதன் சாய்வு 1380 ÷ 28, அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 49 மீட்டர். இரண்டாவதன் சாய்வு 490 ÷ 18, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 27 மீட்டர். முதல் பகுதிதான் கடுமை.

ஆனால் அந்த 49 ஒரு சராசரிதான். மலையடிவாரத்து நிலையமான கல்லாறு வரை பாதை பெரும்பாலும் சமவெளியில் போகிறது. அதன் பிறகுதான் மலை எழும்புகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பாதையின் உச்ச ஏற்றம் 12க்கு 1 என்ற அளவில் இருக்கிறது, அதாவது கிலோமீட்டருக்கு 83 மீட்டருக்கும் மேல். வழுவழுப்பான தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் அங்கே பிடிக்காது. அதனால்தான் தண்டவாளங்களுக்கு நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். குன்னூரைத் தாண்டியதும் ஏற்றம் தணிகிறது, பற்சட்டமும் நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் சாய்வு மாறுகிறது என்பதைத் தண்டவாளமே காட்டிக்கொடுக்கும் இடம் இது.

இரண்டு முனைகளை மட்டும் இணைத்த கோடு நடுவில் இருக்கும் கடுமையை மறைத்துவிடும் என்பதையும் இங்கே கவனியுங்கள். நேர்கோடு என்றால் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஒரே சாய்வு வரும். பாதை நேர்கோடு அல்ல, துண்டு துண்டாகத்தான் ஒப்பிட வேண்டும்.

அளவுத்திட்டம் இங்கேயும் விளையாடும். கிடை அச்சில் 1 செ.மீ. = 5 கி.மீ., நிலை அச்சில் 1 செ.மீ. = 500 மீட்டர் என்று வரைந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் கோடு தாளில் ஏறத்தாழ 26 பாகையில் நிற்கும். உண்மையில் அந்தச் சராசரி ஏற்றம் மூன்று பாகையைக்கூட எட்டாது. 12க்கு 1 என்ற உச்ச ஏற்றமே ஐந்து பாகைக்கும் குறைவுதான். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவும் அதே 12க்கு 1. அதைவிடக் கூடுதல் சாய்வோடு கட்டிய சாய்தளத்தைப் பார்த்தால் நாடா எடுத்து அளந்து, உரியவர்களிடம் சொல்லுங்கள். கையால் சக்கரம் தள்ளி ஏறுகிறவருக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது.

சமன்பாடு, அட்டவணை, கோடு

தேர்விலும் வாழ்க்கையிலும் இரண்டு கோடுகளும் ஒரே வடிவில் கிடைப்பதில்லை. எந்த வடிவில் வந்தாலும் சாய்வு என்ற ஒற்றை எண்ணாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

ஒய் = 2 எக்ஸ் + 3 என்று தந்தால் எக்ஸுக்கு முன்னால் நிற்கும் 2தான் சாய்வு. 3 என்பது கோடு நிலை அச்சை வெட்டும் இடம். 3 எக்ஸ் + 4 ஒய் = 12 என்று தந்தால் முன்னால் நிற்கும் 3ஐ எடுத்து எழுதிவிடாதீர்கள். ஒய்யைத் தனியாக்கிய பிறகுதான் சாய்வு தெரியும். 4 ஒய் = −3 எக்ஸ் + 12, ஆகவே சாய்வு −3/4.

அட்டவணையில் இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பஸ் 2, 5, 9 மணி நேரங்களில் 90, 225, 405 கி.மீ. போனது என்று வைத்துக்கொள்வோம். தூரம் முதலில் 135 கூடுகிறது, பிறகு 180 கூடுகிறது. பஸ் வேகமெடுத்துவிட்டது என்று தோன்றும். 135ஐ 3 மணியாலும் 180ஐ 4 மணியாலும் வகுத்தால் இரண்டும் 45தான். வேகம் மாறவே இல்லை. அலகும் ஒன்றாக இருக்க வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கி.மீ. அதை மணிக்கு 60 கி.மீ. கோட்டோடு நேரடியாக ஒப்பிட்டு 60 பெரியது என்று எழுதினால் தவறு.

உயரத்தில் இருப்பதாலேயே ஒரு கோடு சாய்வு கூடியது ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தொட்டியில் ஏற்கெனவே 200 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, நிமிடத்துக்கு 15 லிட்டர் நிரம்புகிறது. பக்கத்துத் தொட்டி காலி, அது நிமிடத்துக்கு 25 லிட்டர் நிரம்புகிறது. வரைந்தால் முதல் இருபது நிமிடங்களுக்கு முதல் தொட்டியின் கோடு மேலேயே இருக்கும். சாய்வு கூடியது கீழே இருக்கும் கோடுதான். இருபதாவது நிமிடத்தில் 500 லிட்டரில் இரண்டும் சந்திக்கும், அதன் பிறகு காலித் தொட்டி முந்திவிடும்.

சாய்வுகள் சமமாக இருந்தால் கோடுகள் இணையானவை, எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது (இரண்டும் ஒரே கோடாக இல்லாதவரை). இரண்டு சாய்வுகளின் பெருக்கல் −1 என்றால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆனால் இரு அச்சுகளுக்கும் அளவுத்திட்டம் வேறாக இருந்தால் தாளில் அந்தச் செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது. பாகைமானியை வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்கு தவறு என்று அழிக்காதீர்கள்.

கையால் செய்து பார்க்க

நான்கு கோடுகள் தருகிறேன். வரைவதற்கு முன் சாய்வைக் கணக்கிடுங்கள்.

அ) (−1, 4), (3, −2) வழியே செல்லும் கோடு.
ஆ) 5 எக்ஸ் − 4 ஒய் = 20.
இ) (2, 7), (8, 7) வழியே செல்லும் கோடு.
ஈ) எக்ஸ் 0, 3, 9 ஆகும்போது ஒய் 1, 5, 13 ஆகும் கோடு.

சாய்வுகள் முறையே −3/2, 5/4, 0, 4/3. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் அ, இ, ஆ, ஈ. செங்குத்து குறைந்ததிலிருந்து கூடியதாக அடுக்கினால் இ, ஆ, ஈ, அ. ஆவும் ஈயும் தாளில் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். 12 கட்டங்கள் வலப்பக்கம் போய்ப் பாருங்கள், ஒன்று 15 ஏறியிருக்கும், மற்றது 16 ஏறியிருக்கும்.